எந்த எஸ். ஜெபின்?

கடனே வாங்காதவனைப் பார்த்து, கடனைக் கட்டாதவன் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அது நடந்தது, 2013-இல். ஆண்டவர் என்னை எப்படித் தூக்கிவிட்டார் என்று சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை.

டிப்ளமோ முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்தேன். புதுக்கடை சந்திப்பில் ஜெராக்ஸ் கடை போடலாமென்று ஒரு அறை பார்த்தேன். அட்வான்ஸ் அப்பா கொடுத்தார். மெஷின் வாங்க வங்கியில் கடன் கேட்டேன். மேலாளர் கணினியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்ப மோசம். பைக் லோன் எடுத்துக் கட்டாம விட்டிருக்கீங்க."

நான் ஓட்டுவது அப்பாவின் பழைய சைக்கிள். சொன்னேன். "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு" என்றார். காட்டுங்கள் என்றேன். காட்டக் கூடாதாம். என்னைப் பற்றி எழுதியிருப்பதை என்னிடமே காட்டக் கூடாதாம்! ஃபைலை மேசையில் அடித்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அதைவிடப் பெரிய அடி. "மக்கா, உள்ளதச் சொல்லு. நீ அந்தக் காச என்ன செய்தா?" என்று கேட்டார் அப்பா.

பெற்ற மகனை நம்பவில்லை. கணினியை நம்பினார்.

அன்று நான் ஜெபித்தேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதே சரி. முழங்கால்கூடப் போடவில்லை. "நான் செய்யாததுக்கு என் பேர் ஏன் நாறணும்? நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்?" என்று நின்றுகொண்டே கத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். என் காரியத்தை அம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. பக்கத்து வீட்டு ரோஸ்லெட் மாமி ஜெபித்தார். யாருக்காக ஜெபித்தாலும் மாமி வீட்டுப்பேர் சொல்லாமல் விடமாட்டார்.

"ஆண்டவரே, இது மேலவிளை சாமுவேலுக்க மகன் ஜெபினாக்கும். துபாய்க்குப் போன பனவிளை செல்வராஜுக்க மகன் ஜெபின் இல்ல. ஆள் மாறிராதேயும்!"

என் தங்கை ஷைனி சிரித்துவிட்டாள். "மாமி, ஆண்டவருக்கு அது தெரியாதாக்கும்?"

"தெரியும் பிள்ளே. நாம ஒரு வார்த்த சொல்லி வச்சா கொறஞ்சா போவும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு சிலிர்த்தது. பனவிளை ஜெபின் புது பைக்கில் ஊரைச் சுற்றிவிட்டு விமானம் ஏறியவன். சாமுவேலுக்கும் எஸ், செல்வராஜுக்கும் எஸ். ஒரே ஊர், ஒரே பின்கோடு. ஒரே வகுப்பில் படித்தவர்கள், பிறந்த தேதியும் ஒன்று! பள்ளியில் சேர்க்க வயது இடிக்கக் கூடாதென்று எங்கள் தலைமை ஆசிரியர் பாதிப் பிள்ளைகளுக்கு மே முப்பத்தொன்று என்றே எழுதிவிட்டார். ஆண்டவருக்கு ஆள் மாறவில்லை. கணினிக்குத்தான் மாறிவிட்டது.

மறுநாளே இணையத்தில் தேடினேன். நம் கடன் அறிக்கையைக் கட்டணம் கட்டி நாமே வாங்கலாமாம். அந்த மேலாளர் இதைச் சொல்ல ஒரு தடவை வாயைத் திறந்திருக்கலாமே! வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே பனவிளை வீட்டு முகவரி, அவனுடைய பைக். அறிக்கை தரும் நிறுவனத்துக்கு ஆதாரங்களோடு எழுதினேன். இழுத்தடித்தார்கள். அறை கைவிட்டுப் போனது. கடைசியில் திருத்தினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

திருத்திய அறிக்கையை அப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மிசின நம்பிட்டேன் மக்கா" என்றார். நான் கேட்டது கடன். ஆண்டவர் முதலில் திருப்பித் தந்தது அப்பாவை. கடனும் பிறகு கிடைத்தது. சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இன்று என் கடை ஓடுகிறது.

அன்பானவர்களே, உங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். நானும் இப்போது வீட்டுப்பேர் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். பனவிளை ஜெபினுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன், அவன் அந்தக் கடனைக் கட்டித் தொலைக்கட்டும் என்று.