ஐந்து ஸ்பீக்கரும் கேதீஸ்வரனும்

கேதீஸ்வரன் ரீவிக் கடைக்குள் ஏறினால் ரீவியின் முகத்தைப் பார்க்கமாட்டார். சுவரோடு நிற்பதை இரண்டு கையாலும் மெல்ல இழுத்து, கழுத்தை நீட்டி, அதன் முதுகைப் பார்ப்பார். வயர் செருகும் ஓட்டைகளை விரல்விட்டு எண்ணுவார். பிறகு, பலாப்பழம் பார்ப்பதுபோல விரல் முட்டியால் இரண்டு தட்டு. "முகத்தைக் கடைக்காரன் துடைச்சு வைப்பான். முதுகை ஆர் துடைக்கிறது? அங்கைதான் சாமானின்ரை குணம் தெரியும்" என்பது அவருடைய கட்சி. கடைக்காரப் பிள்ளைகள் எதிர்த்துக் கதைப்பதில்லை. அவர் போகுமட்டும் பொறுத்திருந்து ரீவியைத் திரும்பவும் சுவரோடு தள்ளிவிடுவார்கள்.

தொழிலென்று பார்த்தால் அவர் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர். உரும்பிராய்த் தோட்டங்களில் இறைக்கிற மோட்டர்களில் பாதி ஒருமுறையாவது அவர் கையால் பிரிபட்டுப் பூட்டுப்பட்டவை. முப்பது வருடம் மோட்டரோடு தலையை வைத்துக் கிடந்ததில் காது பாதி போய்விட்டது. இது ஊருக்குத் தெரியும். அவருக்கு இன்னும் தெரியாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், ஒருநாள் ஆரோ வெளிநாட்டுக்காரர் வீட்டில் கொண்டுவந்து இறக்கிய ஹோம் தியேட்டருக்கு வயர் கொழுவிக் கொடுத்தார். அது பாடிவிட்டது. அன்றைக்குப் பிடித்த சனியன், இந்த வட்டாரத்தில் ரீவி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அவரை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கூலி கிடையாது. ஒரு பிளேன்ரீயும் ஒரு ரோல்ஸும் காணும்.

ரீவி வைக்கிற ஹோலை அவர் காலால்தான் அளப்பார். குதிக்காலும் பெருவிரலும் முட்ட, கம்பியில் நடக்கிற ஆள்மாதிரி சுவரிலிருந்து கதிரை வரைக்கும் நடப்பார். ஒரு அடி தூரத்துக்கு ஐந்து இஞ்சி ரீவி. கணக்கு முடிந்தது. சத்தத்துக்கு வேறு சோதனை. சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதில் இருப்பது தொண்டைமானாற்றுத் திருவிழாவில் அவரே ஒலிப்பதிவு செய்த தவில் சமா, பதினெட்டு நிமிடம். "தவில் அடி நெஞ்சிலை வந்து விழவேணும். விழாட்டி அது ஸ்பீக்கர் இல்லை, தகரம்."

அவருடைய வீட்டில் இன்னும் பழைய பெட்டி ரீவிதான். "ஊருக்கெல்லாம் தியேட்டர் கட்டிக் குடுக்கிறார். எங்கடை வீட்டிலை மண்டையிலை ரெண்டு குடுத்தால்தான் படம் வரும்" என்று மனைவி குணலட்சுமி சொல்லுவா. ரீவியின் மண்டையைத்தான் சொல்லுகிறா என்று கேட்கிறவர்கள் நம்பிக்கொள்ளவேண்டியது.

இந்த ஆவணியில் துரைராஜா மாஸ்ரர் ஆள் அனுப்பினார். மாஸ்ரரும் பியாட்றிஸ் ரீச்சரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்தவர்கள். ஒரே மகள் நிஷானிக்கு லண்டனில் கலியாணம். இரண்டு தரம் விசாவுக்குப் போட்டார்கள், இரண்டு தரமும் இல்லையென்று கடிதம் வந்தது. தேவாலயத்தில் நடப்பதை நேரடியாக ரீவியில் காட்டுவார்கள், நல்லதாக ஒன்று வாங்குங்கோ என்று மகள் சொல்லிவிட்டாள்.

நல்லூர்ப் பக்கத்துக் கடையொன்றில் மூன்று பேரும் நின்றார்கள். ரீச்சர் கனக்கக் கேள்வி கேட்கவில்லை. அவ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கேதீஸ், படம் சின்னனெண்டாலும் பரவாயில்லை. போதகர் கேக்கேக்கை பிள்ளை வாய்திறந்து சம்மதம் சொல்லுறது எனக்குக் கேக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"ரீச்சர், கேக்கிறதோ? நீங்கள் லண்டனிலை முன்வாங்கிலை இருக்கிறமாதிரி இருக்கும்."

கடையில் வேலை செய்யும் றொசாந்தி என்ற பிள்ளை, நீளமாக ஒரு கறுப்புச் சாமானை எடுத்துவந்து ரீவிக்குக் கீழே வைத்தாள். "அன்ரி, உங்களுக்கு ஆக்களின்ரை கதை விளங்கிறதுதானே முக்கியம்? இந்த சவுண்ட் பார் காணும்."

கேதீஸ்வரன் அதைத் தூக்கிப் பாரம் பார்த்தார். "தங்கச்சி, உது பைப் துண்டு. உதுக்குள்ளாலை தண்ணிதான் வரும்." பென்டிரைவைக் கொடுத்தார். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பாஸ் பெட்டியும் கொண்ட பெரிய செற்றில் தவில் இடித்தது. பக்கத்து மேசையில் இருந்த பில் புத்தகம் தானாக நகர்ந்தது. றொசாந்தி அந்தச் சத்தத்துக்குள் கத்தினாள்: "அண்ணை, இந்த நடு ஸ்பீக்கரைக் கட்டாயம் ரீவிக்குக் கீழைதான் வைக்கவேணும்! கதைக்கிறதெல்லாம் அதாலைதான் வரும்!"

"ஓமோம், நல்ல அடி" என்றார் கேதீஸ்வரன், கண்ணை மூடியபடி.

வீட்டில் பூட்டும் வேலை முழுநாள் போனது. ஐம்பத்தைந்து இஞ்சி ரீவி சுவரில் ஏறியது. நாலு மூலைக்கும் நாலு ஸ்பீக்கர், ரீச்சரின் கதிரைக்குப் பக்கத்தில் பாஸ் பெட்டி. ஐந்தாவது ஸ்பீக்கர் மிஞ்சியது. சின்னன், குறுக்கால் படுத்துக்கிடப்பது, எந்த மூலைக்கும் பொருந்தாதது. கேதீஸ்வரன் அதைக் கையில் வைத்துக் கொஞ்சநேரம் யோசித்தார். கலியாண வீடென்றாலும் செத்தவீடென்றாலும் றோட்டுப் பக்கம் பார்த்து ஒரு ஸ்பீக்கர் கட்டாவிட்டால் அது ஒரு வீடா? வயரை ஜன்னலால் வெளியே எடுத்து, விறாந்தைத் தூணில், படலையைப் பார்க்க அந்தச் சின்னனைக் கட்டினார்.

"உது என்னத்துக்கப்பா?" என்றார் மாஸ்ரர்.

"வெளியிலை இருக்கிற சனத்துக்கு, மாஸ்ரர். வாறவை எல்லாரும் ஹோலுக்குள்ளை கொள்ளுமோ?"

பிறகு தவிலைப் போட்டுக் காட்டினார். கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடின. பூனை அன்றைக்குப் போனது, அடுத்தநாள் மத்தியானம்தான் திரும்பி வந்தது. "தாத்தா காலத்திலை இருந்து பைபிள் வாசிச்ச வீடு. இண்டைக்குத்தான் கோயில் மேளம் கேக்குது" என்று மாஸ்ரர் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை. "ஆக்கள் கதைக்கிறமாதிரி ஏதும் போட்டுக் காட்டன், கேதீஸ்" என்றா. அவர் ஸ்குருத்திருப்பியைப் பையில் போட்டபடி சொன்னார்: "மேளத்துக்கே உந்தத் தெளிவெண்டால் கதைக்குக் கேக்கவேணுமோ, ரீச்சர்!"

சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்குக் கலியாணம் தொடங்கியது. ஹோல் நிறைய அயல். இடம் காணாமல் குணலட்சுமியும் இன்னும் நாலு பெண்களும் விறாந்தையில் பாய் போட்டார்கள். லண்டனில் ஓர்கன் முழங்க, உரும்பிராயில் கதிரைகள் அதிர்ந்தன. கேதீஸ்வரன் ரீவிக்குப் பக்கத்தில், மாப்பிள்ளைத் தோழன்மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிஷானி வெள்ளை உடுப்போடு நடந்து வந்தாள். சனம் "ஆ" என்றது.

போதகர் வாயைத் திறந்தார். வாய் அசைந்தது, சத்தம் மட்டும் எங்கோ கிணற்றடியில் ஆரோ முணுமுணுப்பதுபோல வந்தது.

"என்ன சொல்லுறார்?" என்றா ரீச்சர்.

"கொஞ்சம் கூட்டிவிடுறன்." கூட்டினார். தேவாலயத்தில் ஆரோ இருமியது இடியாக விழுந்தது. போதகர் அப்படியே கிணற்றடியில் நின்றார்.

"கேதீஸ், குறையடாப்பா, நெஞ்சு இடிக்குது" என்றார் மாஸ்ரர்.

"அது லண்டனிலை மைக் பிழை, மாஸ்ரர். எங்கடை பக்கம் எல்லாம் சரி."

ரீச்சர் எழுந்துபோய் ரீவியோடு காதை வைத்தா. ஐம்பத்தைந்து இஞ்சி மகளின் முகத்துக்கு முன்னால் அவவின் நரைத்த கொண்டை. "எனக்குக் கேக்கேல்லை" என்றா. மற்றக் காதையும் வைத்துப் பார்த்தா. "பிள்ளையைக் கேக்கப்போறார். எனக்கு ஒண்டும் கேக்கேல்லையடா."

அந்த நேரம் பார்த்து விறாந்தையிலிருந்து குணலட்சுமியின் சத்தம் வந்தது. "என்ன வடிவாக் கேக்குது! அந்த ஐயர் மூச்சு விடுறதுகூடக் கேக்குது. இப்ப மாப்பிளையைக் கேக்கிறார்!"

ஹோலில் இருந்த அத்தனை பேரும் கேதீஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தூணைப் பார்த்தார், ரீவியைப் பார்த்தார். கடைக்காரப் பிள்ளை தவிலுக்குள் கத்தியது இப்போதுதான் அவருடைய காதுக்கு வந்துசேர்ந்தது. பாய்ந்துபோய் ஜன்னலடியில் வயரைப் பிடித்து உள்ளே இழுத்தார். தூணில் அவர் போட்ட கட்டு அவருடைய கட்டு, அசையவில்லை.

ரீச்சர் காத்துக்கொண்டு நிற்கவில்லை. சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ரீவிக்கு முதுகைக் காட்டி, விறாந்தைக்கு நடந்தா. குணலட்சுமி எழும்பி இடம் விட்டா. தூணடியில், பாயில், முகத்தை மேலே தூக்கிக்கொண்டு ரீச்சர் இருந்தா. மாப்பிள்ளை சம்மதம் சொல்லி முடிந்தது. போதகரின் குரல் சுத்தமாக இறங்கியது: "நிஷானி..."

அப்போதுதான் ஒழுங்கை முடக்கில் பாண்காரனின் ஓட்டோ திரும்பியது. பின்னேரப் பாண். உச்சியில் பூட்டிய ஹோர்னில், பாண் வாங்கக் கூப்பிடும் அந்த நாளாந்த மெட்டு, ஊரெல்லாம் கேட்க.

கேதீஸ்வரன் செருப்பைத் தேடவில்லை. விறாந்தையால் குதித்து, படலையைத் தள்ளி, ஓட்டோவுக்கு முன்னால் போய் விழுந்தமாதிரி நின்றார். பாண்காரன் பிரேக் பிடித்தான். அவர் எட்டி, அந்த ஹோர்னின் வாயை இரண்டு கையாலும் பொத்தினார்.

"எத்தினை பாண், அண்ணை?"

பாண்காரன் அவருடைய முகத்தைப் பார்த்தான், விறாந்தையைப் பார்த்தான், சுவிச்சைத் தட்டிப் பாட்டை நிற்பாட்டினான். ஒழுங்கை அடங்கிப்போயிற்று; போதகரின் கேள்வி தூணிலிருந்து படலை வரைக்கும் கேட்டது. கேதீஸ்வரன் கையை எடுக்கவில்லை. பெருவிரலில் நின்று, கழுத்தை மட்டும் வீட்டுப் பக்கம் திருப்பி, சத்தமில்லாத ஹோர்னை இறுக்கிப் பொத்தியபடியே நின்றார்.