ஓட்டுநர் அண்ணன் திருப்பிக் கொடுத்த பந்து

இரத்தம் கொடுப்பவர்கள் கையில் வைத்து அமுக்கச் சொல்வோமே, அந்த மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்து ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதை முகாமுக்கு எடுத்துப்போக யாரையும் விடமாட்டேன்.

செங்கல்பட்டில் ஒரு இரத்த வங்கியில் நான் டெக்னீஷியன். எங்கள் முகாம் வேனின் ஓட்டுநரை எல்லோரும் அண்ணன் என்போம். மூன்று மாதம் முடிந்ததோ இல்லையோ, சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாகப் படுத்துவிடுவார். அறுபதைத் தாண்டியும் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடி கிடையாது. வயதானவர்களின் இரத்தத்தை ஆராய்கிறவர்கள் சோதனைக்கு இரத்தம் கேட்டு வந்தபோது, "நம்ம அண்ணனைவிட நல்ல ரத்தம் யாருக்கு இருக்கு?" என்று கையெழுத்துப் போட வைத்தவள் நான்தான். பெரிய மேதாவி.

முடிவு வந்தது. வயது ஏற ஏறச் சிலருக்கு இரத்த அணுக்களின் மரபணுவில் ஒரு மாற்றம் வருமாம். மாறிய அணு தன்னைப் போலவே பெருகி, இரத்தக் குழாய்களைப் புண்ணாக்கி, மாரடைப்புக்கு வழி வைக்கலாமாம். அவருக்கு அது இருந்தது. இதற்கென்று மாத்திரை இல்லை. பிரஷரையும் கொழுப்பையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

"அதெல்லாம் சரியாத்தாம்மா கீது. இன்னும் இன்னாத்த பாத்துக்கறது?" என்று என்னைக் கேட்டார்.

அடுத்த மாமல்லபுரம் முகாமில் எனக்குத் தெரியாமல் படுத்துப் பந்தையும் வாங்கிக்கொண்டார். இருக்கிற இரத்தத்தை இறக்கிவிட்டால் புதுசு நல்லதாக ஊறும் என்று நினைத்திருக்கிறார். ஊசி குத்துமுன் பார்த்துவிட்டேன். இரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையிலேயே கோளாறு, எவ்வளவு எடுத்தாலும் அதேதான் வரும் என்று வகுப்பெடுப்பதுபோல் விளக்கினேன்.

"அப்போ ஆயில் மாத்தி பிரயோஜனமில்ல. இஞ்சினே அப்டித்தான் கீது" என்று எழுந்து, பந்தை என் கையில் வைத்தார். அதன்பின் முகாம் நாட்களில் வேனைவிட்டு இறங்குவதில்லை. ஸ்டீயரிங்கில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை, அப்படியே உட்கார்ந்திருப்பார்.

ஏழு மாதம் கழித்து, கூடுவாஞ்சேரி தாண்டி வேனை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தார். உள்ளே இருந்த எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. மாரடைப்பில் போனது அந்த மாற்றத்தால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நான் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், அந்த ஏழு மாதமாவது அவர் நிம்மதியாக வண்டி ஓட்டியிருப்பார். இதை நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

இப்போது எனக்கும் அறுபது நெருங்குகிறது. அதே ஆராய்ச்சிக்கு என் இரத்தத்தையும் கேட்டிருக்கிறார்கள். படிவம் காலையிலிருந்து மேசைமேல் இருக்கிறது. பேனாவை மூடிவிட்டுப் பந்தை எடுத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வலது கையில் பந்து. இடது கை எப்போது நெஞ்சுக்குப் போனது என்று தெரியவில்லை.