மூன்றாவது பெட்டி காலி

‘வண்டு’ என்ற பெயரைப் பெரியம்மா முதலில் கேட்டது, தங்கையின் மூத்த மகனுக்குப் பெண் பேசியபோது. “வேலையில உக்காந்தா முணுமுணுன்னு ரீங்காரம்தான். வீட்ல வண்டுன்னே கூப்பிடுவோம்” என்றாள் பெண்ணின் அத்தை. அந்த அத்தை பெரியம்மாவின் நாத்தனாருக்கு ஓரகத்தி. ஆக, வண்டு ஒரு சுற்றுவழியில் முன்பே சொந்தம்தான்.

இன்று, தங்கையின் மருமகளாகிவிட்ட அவளுடைய ரீங்காரம் பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஒரு காலை நாற்காலியில் மடித்துப்போட்டு, கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

பெரியப்பாவுக்குத் தொண்டையில் அறுவை செய்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே தம் குரலில் சொற்களைப் பதிந்து ஒரு கருவியில் வைத்திருந்தார். எழுத்துகளைத் தட்டினால் அது அவர் குரலிலேயே பேசும். போன வாரம் அதன் பிராசசர் செத்துப்போனது. செய்த கம்பெனியும் இப்போது இல்லை. மகன் வேறொரு கருவி வாங்கிவந்தான். அதில் எவனோ பேசினான். பெரியப்பா அதைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். யாருக்கும் முகம் கொடுக்கவில்லை.

“உள்ள இருந்த புரோகிராமும் குரலும் பத்திரமா இருக்கு, பெரியம்மா. என் லேப்டாப்பை அந்தப் பழைய மிஷினாட்டம் நடிக்க வைக்கணும், அவ்வளவுதான்.” வண்டுவுக்குப் பிழைப்பே அதுதான். அந்த வேலையைச் செய்யும் எமுலேட்டரைத்தான் அவள் ஆபீசில் எழுதுகிறாள்.

லேப்டாப் நடித்தது. ஆனால் எந்தச் சொல்லைத் தட்டினாலும் பேசவில்லை. “வேண்டாம்” என்று தட்டியபோது மட்டும் அது பெரியப்பா குரலில் வந்தது.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து அதைத்தானே சொல்றாரு. மிஷின் சரியாத்தான் இருக்கு” என்றாள் பெரியம்மா. சிரித்தாளே தவிர, கை முந்தானையைப் பிசைந்தது.

ரீங்காரம் சட்டென்று நின்றது.

“புரோகிராமுக்கு எது வேணும்னாலும் சிஸ்டத்துகிட்டதான் கேக்கணும், பெரியம்மா. கேக்கிறதை ரெஜிஸ்டர்னு சின்னப் பெட்டிங்கள்ல வெச்சிட்டுக் கூப்பிடும். குரல் ஃபைல்ல எந்த எடத்துலேருந்து எடுக்கணும்ங்கிற நம்பர் பெருசு, ரெண்டு பெட்டி வேணும். அந்த மிஷின்ல அந்த ஜோடி ரெட்டைப்படையிலதான் ஆரம்பிக்கும். அதனால மூணாவதைக் காலியா விட்டுட்டு நாலுலயும் அஞ்சுலயும் வெச்சிருக்கு. நான் மூணையும் நாலையும் படிச்சிருக்கேன்.”

“ஜோடியைப் பிரிச்சிட்டியேடி, பாவி.”

“ஆமா. ‘வேண்டாம்’ ஃபைலோட தலையிலயே இருக்கு. அதுக்கு எல்லாப் பெட்டியிலும் சைபர், எப்படிப் படிச்சாலும் சரியா வந்துரும். அதான் என்னை ஏமாத்திருச்சு.”

ஒரே ஒரு வரியைத் திருத்தினாள். பெரியப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். அவர் விரல் எழுத்துகளின் மேல் தயங்கித் தயங்கி இறங்கியது.

“பொண்ணு சாப்பிட்டாளா?” என்றது அவர் குரல்.

பெரியம்மா தட்டு எடுக்கப்போகும் சாக்கில் சமையலறைக்குள் போனாள். திரும்பிவர நேரம் பிடித்தது.

அப்புறம் பெரியப்பா ஓயவில்லை. மின்விசிறியின் கடகட சத்தம், மகனின் தாடி, டீயில் சர்க்கரை போதாதது என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், பேச்சை நிறுத்தாமல் சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்.

வண்டு உள்ளறைக் கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்குகிறாள்.