பிஸ்கட் அட்டையில் வெட்டிய ஜன்னல்

என் மகள் ரூபியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவதற்கு முன், ஈப்போ வட்டாரத்தில் எனக்கென்று ஒரு மதிப்பு இருந்தது. பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும் என்பதால் சொல்லிவைக்கிறேன். கல்லூரியில் படித்துத் தேறி, இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து வந்தேன். எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவன் நானே. குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்பித் தரச் சொல்லி, தோட்டத்து மக்கள், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு முறை தலைமை தாங்கியிருக்கிறேன். வெள்ளைச் சட்டை இல்லாமல் நான் வாசலைத் தாண்டியதில்லை.

சென்ற வாரம் சபையின் ஆண்டு மலர் கைக்கு வந்தது. அதில் என்னைப் பற்றியும் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்துக்கு அடையாளம் வைக்க ஏதேனும் கிடைக்குமா என்று மேசை இழுப்பறையைத் துழாவினேன். அகப்பட்டது பிஸ்கட் பெட்டியிலிருந்து வெட்டிய ஒரு பழைய அட்டைத் துண்டு. உள்ளங்கை அகலம், நடுவே, ஒரே ஒரு சொல் தெரியும் அளவுக்கு ஒரு திறப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான அட்டையில் பிஸ்கட் மணக்காது என்பது எனக்குத் தெரியும். ஆயினும், நண்பரே, மூக்கருகே கொண்டு போனபோது மணத்தது. பிஸ்கட் மட்டுமா? மண்ணெண்ணெய் அடுப்பும், ஈரப் பாயும், வீட்டுக்குப் பின்னாலிருந்து வரும் ரப்பர்ப் பாலின் புளித்த நெடியும் சேர்ந்தே வந்தன.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் குடியிருந்த பலகை வீடு, ஈப்போவுக்கு வெளியே, துண்டு துண்டாக விற்கப்பட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. என் மனைவி மார்த்தாள் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தாயோடு மரம் வெட்டப் போனவள்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். என்னோடு படித்தவர்கள் படித்த பெண்களைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் நான் அவளை மணந்துகொண்டேன். காரணத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. சபையில் அவள் பாடுவதைக் கேட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்த்தாளின் ஜெபம் எனக்கு முதலில் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது. நான் ஜெபித்தால் முகவுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் இருக்கும். அவளோ அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் ஆண்டவரிடம் பேசுவாள். "ஆண்டவரே, மழ வரப்போவுது, துணி இன்னும் காயல, கொஞ்சம் பாத்துக்குங்க." துணி காய்ந்துவிடும். எனக்குச் சற்று எரிச்சலாகக்கூட இருக்கும்.

மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். கூடத்தில் பாய் விரித்து அவரவர் இடத்தில் உட்காருவோம். ஓர் அத்தியாயத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பது எங்கள் வழக்கம். முதலில் நான், அடுத்து மார்த்தாள், பிறகு மகன் டேனியல், கடைசியில் ரூபி. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. தன் வசனம் வந்ததும் விரல் வரிமேல் ஊர்ந்து போக, தடங்கலின்றிச் சொல்வாள். ஆசிரியர் அறையில் இதைப் பற்றி நான் ஒரு முறைக்கு மேலேயே பேசியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை பாகான் டத்தோவிலிருந்து என் அக்காள் கணவர் வந்தார். அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது அலுவலகத்தின் தலைமை எழுத்தர். உடம்பும் பெரிது, குரலும் பெரிது. ஒரு கோணி தேங்காயை வாசலில் இறக்கிவிட்டு ஜெபத்துக்கு வந்தவர், டேனியலுக்கும் ரூபிக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டார்.

நான் முதல் வசனம். மார்த்தாள் இரண்டாவது. டேனியல் மூன்றாவது. நான்காவதை அத்தான் வாசித்தார். அடுத்து ரூபி. வரிமேல் விரல் வைத்து, தெளிவான குரலில், அத்தான் அப்போதுதான் முடித்த அதே நான்காம் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் மறுபடியும் சொன்னாள்.

"அலாமாக்! நான் வாசிச்சதையே வாசிக்கிறாளே" என்று மலாய் வழக்குக் கலந்து அத்தான் சிரித்தார். "அடுத்தத வாசி லா, கண்ணு."

ரூபி விரலை வரிமேல் சற்று நகர்த்தினாள். பிறகு எட்டாம் வசனத்தைச் சொன்னாள். அதிலும் ஒரு பிழையில்லை.

நான் வேதத்தை வாங்கி ஒரு சொல்லின்மேல் விரல் வைத்தேன். மூன்றே எழுத்து. "இது என்ன?" என்றேன். அவள் என் விரலைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

டேனியல்தான் உடைத்தான். "நாந்தாம்பா மத்தியானம் வாசிச்சுக் காட்டுவேன். நாலு, எட்டு, பன்னெண்டு, பதினாறு. அவ மனப்பாடம் பண்ணிக்குவா. அவ பங்கு பிஸ்கட்ட எனக்குக் குடுத்திருவா."

"வாத்தியார் வூட்டுலயே இப்படியா, மச்சான்?" என்றார் அத்தான். கெட்ட மனிதரல்லர், நாக்குத்தான் கொஞ்சம் நீளம். மறுநாள் அவர் ஏறிய பேருந்து பீடோரைத் தாண்டுவதற்குள் செய்தி பாதி மாநிலத்துக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நானே கற்றுத்தருவதென்று இறங்கினேன். கல்லூரியில் கற்ற முறைகள் அனைத்தையும் கையாண்டேன். ஆறாம் நாள் மேசையை ஓங்கித் தட்டினேன். ரூபி சாப்பிட்டதையெல்லாம் கக்கிவிட்டாள்.

தரையைத் துடைத்துக்கொண்டே மார்த்தாள் சொன்னாள்: "ஏங்க, இவள ஒரு ரெண்டு வருசம் எங்கிட்ட விடுங்க. பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேணாம்."

"நீ ஆறாம் வகுப்பு" என்றேன். சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"ஆமா. ஆறாம் வகுப்பு வரைக்கும் வாசிக்கத் தெரியும்ல? அவளுக்கு இப்போதைக்கு அது போதும்."

தோட்டத்துப் பிள்ளைகள் பாதியில் படிப்பை நிறுத்துவது அந்நாளில் யாரும் பொருட்படுத்தாத காரியம். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை நின்றதுதான் செய்தியானது. பக்திப் பித்து முற்றி, வேதம் தவிர வேறெதையும் படிக்கக் கூடாதென்று நான் நிறுத்திவிட்டதாகச் சிலர் பேசினார்கள். வெட்கப்பட்டு ஒளித்துவைத்திருப்பதாக வேறு சிலர். கேட்டவர்களிடம் நான், "பிள்ளைக்கு இழுப்பு" என்று சொல்லிவைத்தேன். மூச்சு விடுவதில் ரூபிக்கு ஒரு நாளும் சிரமம் இருந்ததில்லை.

பகலில் என்ன நடந்தது என்பதை நான் மாலையில் கேட்டுத்தான் அறிந்தேன். முதல் வாரம் மார்த்தாள் புத்தகத்தையே திறக்கவில்லை. எழுத்தைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று மட்டும் கேட்டிருக்கிறாள். ஆசிரியர்களான நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது.

"எல்லாம் நெளியுதும்மா. கீழ் வரி மேல ஏறுது, பக்கத்து எழுத்து உள்ள வருது."

மார்த்தாள் பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, கத்தரிக்கோலால் அந்தத் திறப்பை வெட்டி, பக்கத்தின்மேல் வைத்தாள். ஒரு சொல் மட்டும் தெரிந்தது. "நான் மரம் வெட்டப் போனப்போ மொத்த நிரையையும் பாத்தேன்னா அழுகையா வரும். அதனால முன்னால நிக்கிற மரத்த மட்டுந்தான் பாப்பேன். நீயும் இத மட்டும் பாரு. மத்ததெல்லாம் எங்கயும் ஓடிப் போவாது." பிறகு அவளுடைய ஜெபம்: "ஆண்டவரே, இந்த ஒரு வார்த்த இவளுக்கு வந்துரணும். அடுப்புல சோறு வேற இருக்கு."

சோறு பல நாள் குழைந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். என் வாழ்க்கையின் அரிய பொறுமைகளுள் அதுவும் ஒன்று. சொற்களுக்கு இடையே ரூபி படம் வரைவாள். வீட்டின் அமைப்பு, கிணறு, பின்னாலிருந்த ஒவ்வொரு மரமும் நின்ற இடம். கோடுகள் மட்டும் அவளுக்கு ஒரு நாளும் நெளிந்ததில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் மாலை ஜெபம் நிற்கவில்லை. ரூபியின் முறை வரும்போது மார்த்தாள் அட்டையை நீட்டுவாள். ஒரு வசனத்துக்குச் சில நாள் ஐந்து நிமிடம் ஆகும். டேனியல் கொட்டாவி விடுவான். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். மார்த்தாள் யாரையும் பார்க்கமாட்டாள்.

இரண்டாம் ஆண்டின் கிறிஸ்துமஸுக்கு அத்தான் மறுபடி தேங்காயோடு வந்தார். வரிசைப்படி அன்றைக்கு அமைந்த அத்தியாயம், வாயில் நுழையாத பெயர்களின் பட்டியல். நான் தலைமை தாங்கிய பரிசளிப்பு விழா எதிலும் அப்படிப் பயந்ததில்லை.

"என்னா மருமவளே, இன்னிக்கு எத்தனாவது வசனம் மனப்பாடம்? சொல்லு, மாமா அதுக்கேத்த எடத்துல குந்திக்கிறேன்."

ரூபி வேதத்துக்குள்ளிருந்து அட்டையை எடுத்தாள். "நீங்க எங்க வேணும்னாலும் உக்காருங்க மாமா."

அவர் வேண்டுமென்றே எனக்கும் மார்த்தாளுக்கும் நடுவே உட்கார்ந்தார். சுற்று அவளிடம் வந்தது. அட்டை மெல்ல நகர்ந்தது. ஒரு பெயர், நின்றாள். அடுத்த பெயர், நின்றாள். ஏழு பெயர்களையும் வாசித்து முடித்தாள். இரண்டாம் சுற்றில் அத்தான் ஒரு பெயரில் மாட்டிக்கொண்டார். முன்னால் போனார், பின்னால் வந்தார், கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் கையை நீட்டினார்.

"அந்த அட்டயக் கொஞ்சம் குடு லா."

மார்த்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெப நேரத்தில் அவள் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

ரூபி ஒரு வகுப்பு பின்தங்கிப் பள்ளிக்குத் திரும்பினாள். பிற்காலத்தில் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலைக்குச் சேர்ந்தாள். தாப்பா வட்டாரத்து வரைபடங்கள் பலவற்றில் அவள் கை இருக்கிறது. அத்தான் இம்முறை வேறு செய்தியைப் பரப்பினார்: "மச்சான் வீட்டுலயே வச்சுப் படிக்க வச்சுட்டாரு, பெரிய ஆளு லா." சபையில் கைகுலுக்கினார்கள். நான் தலையைச் சற்றுத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டேன்.

இப்போது அந்தப் பலகை வீடு இல்லை. மரங்கள் இருந்த இடத்தில் தாமான் என்ற ஒரு புதுக் குடியிருப்பு. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ஏழு மணிக்குப் பாய் விரிப்பார் இல்லை. அத்தானும் இல்லை, மார்த்தாள் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முந்தாநாள் ஓர் இளம் தம்பதியர் ஏழு வயது மகளோடு வந்தார்கள். அவளுக்கும் எழுத்து நெளிகிறதாம். மலரைப் படித்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக் கற்பிக்க என்னிடம் வழி கேட்டார்கள். ஒரு பிஸ்கட் பெட்டியைக் கிழித்து அந்தக் குழந்தைக்கு ஓர் அட்டை வெட்டினேன். சற்றுக் கோணலாக வந்தது. ஆனாலும் ஒரு சொல் தெரிந்தது. அவள் அதை வாசித்தாள். ரூபியின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தனுப்பினேன்.

நான் என் மகளை வீட்டிலிருந்தே படிக்கவைத்த முன்னோடி ஆசிரியர் என்று சபை மலரில் அச்சாகியிருக்கிறது. அது தவறு. ரூபிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள் என் மனைவி மார்த்தாள். அந்த இரண்டு ஆண்டுகளும் பகல் முழுவதும் நான் பள்ளியில் இருந்தேன்.