குளக்கரையில் ஒரே அறை

பண்டாரவளைச் சந்தையில் என் மாமாவைக் கண்டால் மரக்கறிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அம்மாவின் அண்ணன் அவர். தையல்கடை வைத்திருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கட்டு லீக்ஸுக்காக விடாமல் வாதாடி, கடைசியில் கடைக்காரரையே சிரிக்கவைத்துவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்புத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அப்பா தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். அவரும் அம்மாவும் பேச்சை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. எதற்காக என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. வீட்டுக் காரியங்கள் எல்லாம் என் வழியாகத்தான் நடந்தன. “சோறு ஆறிப்போகுதுன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு” என்பாள் அம்மா, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. நானும் அவர் பக்கம் திரும்பி, “சோறு ஆறிப்போகுதாம்” என்பேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பே எரியாது என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் விடுமுறையோடு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பண்டாரவளைக்கு, மாமா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. எங்களை அழைத்துப்போக வந்த மாமா, பத்திரிகையில் வந்த விளம்பரம் ஒன்றை மேசைமேல் வைத்தார். மொனராகலைப் பக்கம் குளக்கரையில் விடுதி. குடும்பத்துக்கு இரண்டு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, விடுமுறைக்காலச் சலுகை. தொலைபேசிக் கடையிலிருந்து பேசி, முற்பணமும் அனுப்பிவிட்டாராம்.

“போறது போறீங்க. புள்ளைக்காக ஒரு தடவ எல்லாரும் ஒண்ணா போயிட்டு வந்துருவோம்” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். சொல்லியனுப்ப இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை போலும், யாரும் மறுக்கவில்லை.

சண்டை ஓய்ந்து, பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதிப்பது நின்றுபோயிருந்த காலம் அது. கொஸ்லந்தையைத் தாண்டி, மலை இறங்கி வெல்லவாய வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். வெயிலுக்கு இவ்வளவு பலம் உண்டென்பது அன்றுதான் தெரிந்தது. அம்மாவும் நானும் முன்னால். அப்பாவும் மாமாவும் பின்னால். தண்ணீர் வேண்டுமா என்று அம்மா கேட்டுவரச் சொல்ல, ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி போய்க் கேட்டுவந்தேன்.

விடுதி இருந்தது. குளமும் இருந்தது. அறைதான் இல்லை. கல்யாணக் கூட்டம் ஒன்று வந்து எல்லா அறைகளையும் பிடித்திருந்தது. கொடியெல்லாம் அவர்களுடைய சேலைகள். விடுதி மேலாளர், ஒரு பருத்த சிங்களவர், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

“மாத்தயா, கோவிச்சுக்க வேணாம். ரூம் எல்லாம் முடிஞ்சுது. காச திருப்பித் தாறேன். இல்லாட்டி அடுத்த மாசம் வாங்க.”

மாமா இவரை என்ன பாடு படுத்தப்போகிறார் என்று ஆவலோடு காத்திருந்தேன். அவருக்குமுன் அப்பா முந்திக்கொண்டார், வகுப்பறைக் குரலில்.

“பேப்பர்ல போட்டீங்க, போன்ல சரின்னீங்க, முற்பணமும் வாங்குனீங்க. அப்ப அந்த ரூம் எங்களுது. அத எப்புடி வேற ஆளுக்குக் குடுத்தீங்க?”

“நாங்க பஸ்ஸுக்குச் செலவழிச்சது?” என்றாள் அம்மா பின்னாலிருந்து.

“ஆமா, அதுக்கு என்னா பதில்?”

“புள்ள காலையிலருந்து சாப்புடல.”

“சாப்பாடும் சேத்துத்தான் சலுகை!”

அவர் விட்ட இடத்தில் அவள் பிடித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியபோது அவர் தொடர்ந்தார். இடையில் சிங்களத்துக்கு மாறிய அப்பா ஒரு சொல் வராமல் தடுமாற, அம்மா எடுத்துக்கொடுத்தாள். அவரும் அதை வாங்கிக்கொண்டார். நான் நடுவில் நின்று இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். என்னிடம் யாரும் எதையும் சொல்லியனுப்பவில்லை.

மாமாவோ மாமரத்தடிக்குப் போய், சட்டைப் பொத்தானை ஆராய்ந்துகொண்டிருந்தார். பயந்துவிட்டார் என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மேலாளர் கடைசியில் இறங்கிவந்தார். டவுனில் உறவினர் ஒருவரின் விடுதியில் இரண்டு நல்ல அறைகள் இருக்கின்றன, மின்விசிறியும் உண்டு, அதே விலைதான், வேனிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அப்பா தலையாட்டினார். அம்மாவின் முகமும் தெளிந்தது. ஒன்றில் அவளும் நானும், மற்றதில் ஆண்கள். அப்போதுதான் மாமாவுக்கு வாய் திரும்பியது.

“அது சரிவராது. விளம்பரத்துல குளக்கரைன்னு போட்டிருக்கு. எங்களுக்குக் குளக்கரைதான் வேணும்.”

“கரையில ஒரே ஒரு ரூம்தான் இருக்கு மாத்தயா. தோணிக்காரர் இருந்த எடம். சின்னது.”

“அது போதும்.”

“மச்சான், ஒங்களுக்கென்ன கிறுக்கா?” என்றார் அப்பா.

“நல்ல ரூம் ரெண்டு தாறேங்கிறாரு அண்ணே!” என்றாள் அம்மா.

மாமா அசையவில்லை. சந்தையில் பார்த்த அதே ஆளாகிவிட்டார். அறையைக் கழுவித் தரவும், முற்பணத்தில் பாதியைத் திருப்பித் தரவும், குளத்து மீன் பொரித்துப் போடவும் மேலாளரைச் சம்மதிக்கவைத்தார். பிறகு அந்த ஒற்றை அறையை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொடுத்துவிட்டார். விடுதிச் சாப்பாட்டறையில் சமையற்கார அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பாய். வெளி வராந்தாவில் அவருக்கு ஒரு பாய். அம்மாவிடம்தான் படுப்பேன் என்று காலை உதைத்து அழுதேன்.

“அங்க எடமில்ல புள்ள” என்றார் மாமா. அவர் என்னிடம் அவ்வளவு கண்டிப்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

காலையில் போய்ப் பார்த்தபோது கரையில் ஒரு கல்லின்மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அழுதிருந்தாள். அப்பா மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். “போதும், இனிமே அதப் பேசாதீங்க” என்றாள் அம்மா. அவரிடமேதான் சொன்னாள், நேராக. நான் ஓடப்போனேன். மாமா என் கையைப் பிடித்து, மீன் பிடிக்கலாம் வா என்று எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். எங்கள் தூண்டிலில் முள்கூட இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

கிளம்பும்போது மாமா மேலாளரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் ஒரே இருக்கையில் உட்கார்ந்துவிட, நான் மாமாவோடு அவர்களுக்குப் பின்னால் உட்காரவேண்டியதாயிற்று. மலை ஏறத் தொடங்கியதும் அம்மா திரும்பி, தான் இப்போது பண்டாரவளைக்கு வரவில்லை, அப்புத்தளையிலேயே இறங்கிக்கொள்வதாகச் சொன்னாள். மாமா “சரிம்மா” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நம்மள ஏமாத்துன ஆளுக்கு எதுக்கு மாமா தேங்ஸ் சொன்னீங்க?”

அவர் என் பக்கம் குனிந்தார். பிறகு, “அந்தாளு சொன்னபடி ரெண்டு ரூமையும் குடுத்திருந்தா எப்புடி இருந்திருக்கும்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இது ஒரு கேள்வியா? “ரொம்ப நல்லா இருந்திருக்கும்!” என்றேன்.

மாமா சிரித்த சிரிப்பில் முன் இருக்கையில் இருந்த இருவரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. அப்புத்தளை வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.