ஆதாரம் இல்லாத அழைப்பு

"வரிசையில நீங்க ஆறாவது ஆள். பக்கத்துல ரேடியோ ஓடினா சத்தத்தைக் குறைச்சு வைங்க" என்று வானொலி நிலையத்துப் பெண் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. லெஸ்டர் கோவாலிக் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அக்குளில் இருந்த ஸ்கோர் நோட்டையும் விடவில்லை.

ரோண்டாவின் பாரில் அது ஒரு பழக்கம். வானொலியில் டஃபி நடத்தும் ஐந்து மணி விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போன் போடுகிறவர், பீர் பீப்பாய்கள் அடுக்கிய பின்புற நடைவழிக்குப் போய் நின்றுகொள்ள வேண்டும். அங்கே பேசுவது ஏழு விநாடி கழித்துத்தான் பாரின் ரேடியோவில் வரும். பேசியவர் வெளியே வந்து, தன் குரலின் கடைசி வார்த்தையைத் தானே கேட்பார். மற்றவர்கள் கைதட்டுவார்கள், அல்லது காறித் துப்புவார்கள்.

லெஸ்டருக்கு எப்போதும் கைதட்டல்தான். ஐம்பத்தொன்பது வயது. பஸ் டிப்போவில் இன்ஜின் பிரிக்கிற வேலை. மனைவி போய் எட்டு வருடம். இந்த ஏரிக்கரை ஊரில் அவர் முகத்தை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர். குரலை அறியாதவர்கள் யாருமில்லை. ஊரின் பேஸ்பால் அணியான ஹெரன்ஸின் ஒவ்வொரு ஆட்டத்தையும் பென்சிலால் ஒவ்வொரு பந்தாகக் குறித்து வைக்கிறவர். முப்பத்தோரு வருடத்து நோட்டுகள் சமையலறை அலமாரியில் இருக்கின்றன. மற்றவர்கள் ரேடியோவில் கத்துவார்கள். லெஸ்டர் தேதியோடு படிப்பார். அதனால்தான் டஃபி அவரை 'ஆதாரம் அண்ணன்' என்று அழைப்பான்.

நான்கு வாரம் முன்பு அப்படித்தான் ஒரு ஆதாரம் படித்தார். யாரை ஆட வைப்பது என்று முடிவு செய்கிற அப்போதைய மேனேஜர் ஹால் ப்ரென்னர், அணியின் உயிர்நாடியான டேரியன் ஓக்ஸை ஆகஸ்டில் மட்டும் பதினொரு ஆட்டம் வெளியே உட்கார வைத்திருந்தார். அதில் ஒன்பதில் தோல்வி. பதினொரு தேதியையும் லெஸ்டர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். டஃபி அந்தக் குரலைத் தினமும் போட்டான். மைதானத்தில் "ப்ரென்னரே வெளியே போ" என்று இருபதாயிரம் பேர் பாட ஆரம்பித்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். ஏன் உட்கார வைத்தேன் என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிய மேனேஜராக வந்த கிளே ஹாஸ்கின் ஓக்ஸை ஒரு நாள் விடாமல் ஆட வைத்தார்.

ஓக்ஸோ அடிக்கவே மறந்தவன்போல ஆடினான்.

இன்று காலையில்தான் லெஸ்டருக்கு விளங்கியது. மகள் மாரா ஞாயிறு தவறாமல் முட்டை பொரித்துச் சாப்பிட வருவாள். ஹெரன்ஸ் அணியின் சிகிச்சை அறையில் அவளுக்கு வேலை. கட்டுப் போடுவது, ஐஸ் வைப்பது, மூட்டைப் பிடித்துவிடுவது. அந்த வேலை கிடைத்த அன்றே அப்பாவிடம் சத்தியம் வாங்கிவிட்டாள், வீட்டுக்குள் மைதானப் பேச்சு கிடையாது என்று. இரண்டு வருடமாக லெஸ்டர் அதை மீறியதில்லை.

இன்று மீறினார்.

"இதைப் பாரு. ஓக்ஸ் வலது கைக்காரன். பலமா இழுத்து அடிச்சா பந்து இடப்பக்கம் போகணும். இடப்பக்கத்து ஆளுக்கு எண் ஏழு. ஆகஸ்ட் ரெண்டாம் தேதியிலிருந்து அவன் வரிசையில ஒரு ஏழு காட்டு. ஒண்ணு போதும். எல்லாம் ஒன்பது, நாலு, மூணு. பூரா வலப்பக்கம். மணிக்கட்டு போயிருச்சா மாரா?"

மாராவின் கையில் இருந்த கரண்டி வாணலியின் மேலேயே நின்றது. முட்டையின் ஓரம் கருகியது.

"நோட்டை மூடுங்கப்பா."

"அப்ப ப்ரென்னர் அவனை உட்கார வச்சது அந்தக் கை ஆறட்டும்னுதான்..."

"மூடுங்கப்பா." அவள் அடுப்பை அணைத்தாள். "நான் எதுவும் சொல்லல. நீங்க எதுவும் கேட்கல. இது வெளிய வந்தா முதல்ல யாரைப் பார்ப்பாங்க? ஆதாரம் அண்ணனோட பொண்ணு அந்த அறையிலதான் வேலை பார்க்கிறா. பென்சில்ல கண்டுபிடிச்சாருன்னு சொன்னா எவன் நம்புவான்? வேலையும் போகும், லைசென்சும் போகும். வேற எந்த ஊர்லயும் என்னை ஒரு கணுக்காலைத் தொட விட மாட்டாங்க."

சாப்பிடாமலே போய்விட்டாள்.

ஒரு பழி சொன்ன நோட்டும் அதுதான், அந்தப் பழியைப் பொய் என்று சொன்ன நோட்டும் அதுதான். பதினொரு தேதியைப் படித்த கண், பக்கத்து வரிசையைப் பார்க்காமல் போனதே. ஒரு நல்ல மனிதரின் பிழைப்பைத் தன் நாக்கு தின்றுவிட்டதே. மதிய ஆட்டத்தையும் லெஸ்டர் மைதானத்தில் உட்கார்ந்து குறித்தார். ஓக்ஸ் நான்கு முறை ஆட வந்தான். அடித்த நான்கு பந்தும் வலப்பக்கம் செத்துப்போய் உருண்டன. சொந்த ஊர்க்காரர்களே அவனைப் பார்த்து ஊளையிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து பாருக்கு வந்தால், அங்கேயும் அதே பேச்சு.

"அடுத்த ஒப்பந்தத்துக்காக உடம்பைப் பொத்திப் பொத்தி வச்சுக்கிறான்" என்றார் கஸ் பெட்ராகிஸ். கூரை வேய்கிற கஸ். லெஸ்டரின் பக்கத்து இருக்கையில் பத்தொன்பது வருடமாக உட்கார்கிறவர். "குளிர் வந்ததும் மூட்டையைக் கட்டிருவான் பாரு. அவனுக்கு இந்த ஊர் பஸ் ஸ்டாப் மாதிரி."

"அவன் போனா உங்களுக்குத் திட்ட ஆள் ஏது?" என்றாள் ரோண்டா. "பொண்டாட்டியைத்தான் திட்டணும்."

"அது எங்க திட்டுறது? அவ திரும்பத் திட்டுவா. ஓக்ஸ் வாயைத் திறக்க மாட்டான், அதான் வசதி." கஸ் லெஸ்டர் பக்கம் திரும்பினார். "ப்ரென்னர்தான் அவனுக்குச் செல்லம் குடுத்துக் கெடுத்தான். நல்லவேளை நீ வெரட்டி விட்ட. இன்னைக்கு என்ன படிக்கப் போற? காட்டுடா."

சொல்லிக்கொண்டே நோட்டை இழுத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். விரல் ஓக்ஸின் வரிசையில் ஊர்ந்தது.

"என்னடா இது, எல்லாம் ஒரே மாதிரி..."

லெஸ்டர் நோட்டைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் கடலைக் கிண்ணம் கவிழ்ந்தது. பத்தொன்பது வருடத்தில் நண்பனிடமிருந்து அவர் எதையும் பிடுங்கியதில்லை. கஸ் வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே எழுந்து நடைவழிக்கு வந்தவர்தான், இதோ நிற்கிறார். சொன்னால் மகள் போவாள். சொல்லாவிட்டால் அந்த மனிதரின் பெயர் சேற்றிலேயே கிடக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறதா?

போனில் டஃபியின் குரல் வெடித்தது.

"வந்துட்டாருய்யா நம்ம ஆதாரம் அண்ணன். ஓக்ஸ் இருப்பானா, போவானா? ஹாஸ்கின் தேறுவாரா? நோட்டைத் திறங்கண்ணே."

"இன்னைக்கு நோட்டு இல்ல டஃபி."

"ஏண்ணே, கண்ணாடி தொலைஞ்சு போச்சா?"

"நாலு வாரம் முன்னாடி ப்ரென்னரைப் பத்திப் பேசினேன்ல. அது தப்பு. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன்."

மறுமுனையில் டஃபி காகிதங்களைப் புரட்டினான்.

"பதினொரு ஆட்டம், ஒன்பது தோல்வி. நீங்க படிச்சதுதானே. கணக்குல தப்பா?"

"கணக்கு சரி. நான் சொன்னதுதான் தப்பு."

"அதெப்படிண்ணே? காரணம்?"

லெஸ்டர் வாயைத் திறந்தார். ஏழு என்ற எண் நாக்கு நுனியில் நின்றது.

"அண்ணே, ஒண்ணு கேட்கிறேன்." டஃபியின் குரல் இறங்கியது, மோப்பம் பிடித்த குரல். "உங்க பொண்ணு அங்கதானே வேலை பார்க்குது? ஓக்ஸைப் பத்தி ஏதாவது காதுல விழுந்துச்சா?"

பீப்பாயின் விளிம்பை லெஸ்டர் இறுகப் பிடித்தார். இப்போது நிறுத்தி யோசித்தால் அந்த யோசனையே ஆமாம் என்று சொல்லிவிடும்.

"அவளா? மணி என்னன்னு கேட்டாக்கூடச் சொல்ல மாட்டா." எப்படியோ சிரிப்பு வந்தது. "ப்ரென்னர் அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு மைதானத்தை விட்டுப் போற படம் பேப்பர்ல வந்துச்சுல்ல. அதைப் பார்த்தேன். மனசு கேட்கல. வயசாயிருச்சு டஃபி, வேற ஒண்ணும் இல்ல."

"ஆக, முப்பத்தோரு வருஷ ஆதாரம் எல்லாம் போயி, இப்ப அண்ணனுக்கு அழுகை வந்துருச்சு. அதானே?"

"ஆமா."

டஃபி குழந்தை அழுகிற ஒலியைப் போட்டான். யாராவது ரேடியோவில் புலம்பினால் அவன் போடுகிற ஒலி. லெஸ்டருக்கு அது ஒருமுறைகூடப் போடப்பட்டதில்லை.

போனை அணைத்துவிட்டு வெளியே வந்தார். ஏழு விநாடி முடியவில்லை. பார் முழுக்க அவருடைய குரல் "ஆமா" என்றது. பிறகு குழந்தை அழுதது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். முப்பத்தோரு வருடத்து மரியாதை ஒரு குழந்தையின் அழுகையில் கரைந்து போனது.

கஸ் மட்டும் சிரிக்கவில்லை. கவிழ்ந்த கடலையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தவர், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீ அழற ஆள் இல்லடா. அந்தப் பக்கத்துல என்ன இருக்கு?"

"பென்சில் கோடு."

கஸ் அவரையே பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ரோண்டாவுக்குச் சைகை காட்டினார்.

போன் அடித்தது. மாரா.

"அப்பா. இங்க சிகிச்சை அறையில ரேடியோ ஓடிட்டிருந்துச்சு."

லெஸ்டர் கூட்டத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். "சிரிச்சாங்களா?"

"எல்லாரும் சிரிச்சாங்க." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஒருத்தர் மட்டும் சிரிக்கல. ஐஸ் வாளியையே பார்த்துட்டு இருந்தாரு. அதுக்கு மேல கேட்காதீங்க."

"கேட்கலம்மா."

"காலையில சாப்பிடாம வந்துட்டேன்."

"தெரியும். தட்டு அப்படியே இருக்கு."

"எடுத்துப் போடாதீங்க. வேலை முடிச்சுட்டு நேரா அங்கதான் வரேன்."

பின்னால் எவனோ வாயாலேயே குழந்தை அழுகிற சத்தம் எழுப்பினான். மறுபடியும் சிரிப்பு கிளம்பியது. லெஸ்டர் நோட்டைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, முட்டை வாங்க நடந்தார்.