காஷேக்குக் கொடுக்காமல் வந்த நாற்பது பூலா

போட்ஸ்வானா நாட்டில் கலகாரிப் பாலைவனப் பக்கம் வாழ்கிற காஷே என்ற புஷ்மன் வேட்டைக்காரருக்கு நான் நாற்பது பூலா கடன்பட்டிருந்தேன். பூலா அந்த நாட்டுக் காசு. நாற்பது பூலா என்பது லண்டன் கணக்கில் பன்னிரண்டு பவுண் வரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எண்பத்துமூன்றில் ஒரு சூட்கேசோடு லண்டனுக்கு வந்து, ஆறே வருடத்தில் இங்கே குட்மேய்ஸில் சொந்தமாகப் பேப்பர்க் கடை போட்டவன். அப்படிப்பட்ட சிவானந்தன் பன்னிரண்டு பவுணுக்கு ஒருவரை ஏமாற்றினான் என்றால் யார் நம்புவார்கள்? நடந்தது அதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு கடையைக் கணேசலிங்கத்திடம் விட்டுவிட்டு, போட்ஸ்வானாவில் கணக்குப் படிப்பிக்கும் எங்கள் ஊர் ஞானரட்ணம் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். கணேசலிங்கம் என்னிடம் முதன்முதல் வேலைக்கு வந்தவன். விடிய ஐந்து மணிக்குக் கடை திறக்கிறவன் அவன்தான். சீனி வருத்தக்காரன், தினமும் இன்சுலின் ஊசி போடுவான்.

மாஸ்டர் தன் ஜீப்பில் அரைநாள் ஓட்டி என்னைக் காஷேயின் குடியிருப்புக்குக் கொண்டுபோனார். நாலைந்து புல் குடிசைகள், சுற்றிவர மணலும் முட்பற்றையும். மூன்று நாள் காடு படிப்பிக்க நாற்பது பூலா என்று பேசினோம். அந்த நாட்டுப் பொதுப் பாஷையில் மாஸ்டர் காஷேயோடு பேசி எனக்கு விளங்கப்படுத்தினார்.

குச்சியை உள்ளங்கையில் உருட்டி நெருப்பு எடுக்கப் படித்தேன். கை கொப்பளித்தது. காய்ந்த கொடியைக் கண்டு கீழே தோண்டிக் கிழங்கு எடுத்து, சுரண்டிப் பிழிந்து தண்ணீர் குடித்தேன். வேம்பாகக் கசந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது காலடி வாசிப்பு. எழுத்து வாசிக்கத் தடுமாறுகிற எனக்கு அது சட்டென்று வந்தது.

காஷே சொன்னது இவ்வளவுதான். ஒரு காலடியை முதலில் முகத்தைப் போலப் பழகு. அடி தொலைந்தால் குனிந்து தேடாதே, நிமிர்ந்து நில். அந்த உடம்புக்கு இப்போது என்ன வேண்டும் என்று உன்னையே கேள்.

மூன்றாம் நாள் தனியாக ஒரு சின்ன மானை இரண்டு மணிநேரம் தொடர்ந்துபோய், அது படுத்திருந்த பற்றையையே தொட்டேன். திரும்பி வந்து அந்தப் பெருமையைப் பலமாகவே சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது?

காஷே ஏதோ சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“என்னவாம் மாஸ்டர்?”

“கண் தெரியாத கிழவிகூட அந்த மானைப் பிடிச்சிருப்பாவாம். உம்மைப் பார்த்துப் பாவப்பட்டு அது படுத்துக் கிடந்ததாம்.”

வகுப்பில் என் வாசிப்பைக் கேட்டுச் சிரித்தவர்களின் முகமெல்லாம் கண்முன் வந்து நின்றது.

“என்னை நக்கலடிச்சதுக்குக் காசும் குடுக்கவேணுமோ? ஏலாது!” என்று ஜீப்பில் ஏறிவிட்டேன். நீட்டிய கையோடு காஷே நின்றார்.

வழியில் மாஸ்டர் சொன்னார். “அது அவங்கட முறை, சிவானந்தன். பெரிய இறைச்சி கொண்டு வாறவனை இன்னும் கூட நக்கலடிப்பாங்கள், தலைக்கனம் ஏறக்கூடாது எண்டு. உம்மையும் தங்கட ஆளாய் நினைச்சுத்தான் நக்கலடிச்சவை.”

அப்போதும் ஜீப்பைத் திருப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த பெப்ரவரியில் லண்டனில் பெரிய பனி. ஒருநாள் ஏழு மணிக்குக் கடைக்குப் போனால் ஷட்டர் பூட்டிக் கிடக்கிறது. பேப்பர்க் கட்டுகள் வாசலில் பனி மூடிக் கிடக்கின்றன. கணேசலிங்கத்தின் மனைவி வசந்தமலருக்குப் போன் எடுத்தேன்.

“அவர் நாலரைக்கே வெளிக்கிட்டிட்டார் அண்ணை! பனி விட்டாப்பிறகுதான் போனவர். ஊசி போட்டவர், ஒண்டும் சாப்பிடேல்லை. கடையில சாப்பிடுறன் எண்டவர்.” அவள் அப்போது ஏழு மாதம்.

“அழாதே. வாசல்ல ஒருத்தரையும் மிதிக்க விடாதே. வாறன்.”

பொலிசுக்குச் சொன்னேன். பனியால் பிந்தும் என்றார்கள். அவர்கள் வீட்டுக்கு ஓடிப் போனேன். வாசலில் அவனுடைய காலடி அப்படியே இருந்தது. இடது சப்பாத்து நேராக, வலது சப்பாத்து வெளிப்பக்கம் திரும்பி. அதை ஒரு நிமிடம் பார்த்து முகமாக்கிக்கொண்டேன். வசந்தமலர் சீனி போட்டு வைக்கிற தகரப் பேணியை என் கையில் திணித்தாள்.

முதல் தெருவில் அடிக்கு அடி இடைவெளி நீளமாக இருந்தது. பார்க் வாசலுக்குக் கிட்டக் குறுகியது. ஒரு இடத்தில் நின்று சுற்றியிருக்கிறான். பிறகு அடிகள் குடிகாரன் போலத் தள்ளாடின. இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. பார்க்குக்குள் நாய்களும் நாய்க்காரர்களும் எல்லாவற்றையும் மிதித்துக் கலக்கியிருந்தார்கள். வலது சப்பாத்தின் அடியைக் காணவில்லை. குனிந்து குனிந்து பார்த்தேன். மணி ஏழே முக்கால். மூன்று மணிநேரத்துக்கு மேல் அவன் வெளியில்.

நிமிர்ந்து நின்றேன். அந்த உடம்புக்கு என்ன வேண்டும்? எங்காவது குந்தவேண்டும். பார்க் வாங்கில் அல்ல, காற்று முகத்தில் வெட்டுகிறது. காற்றுக்கு மறைவு வேண்டும். புல்வெளிக்கு அப்பால் சாமான் வைக்கிற மரக்கொட்டில் ஒன்று தெரிந்தது. கொட்டிலின் பின்பக்கம் போனேன். அங்கே, ஒருவரும் மிதிக்காத பனியில், வெளிப்பக்கம் திரும்பிய ஒரே ஒரு வலது சப்பாத்து அடி.

சுவரோடு சாய்ந்து கிடந்தான். உதடு நீலம். கையில் உறை பிரிக்க முடியாமல்போன ஒரு டொஃபி.

“கணேசலிங்கம்! டேய்!”

கண் அசைந்தது. விரலில் சீனி தொட்டு ஈறில் தேய்த்தேன், திரும்பத் திரும்பத் தேய்த்தேன். என் கோட்டால் மூடினேன். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரரைப் போனுக்கு ஓட விட்டேன். அம்புலன்ஸ் வந்து ஏற்றும்போதுதான் அவன் வாய் திறந்தான்.

“அஞ்சு மணிக்கு வராத ஆளை எட்டு மணிக்கோ அண்ணை தேடுறது? நல்ல முதலாளி!”

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு நின்றபோது, ஜீப்புக்குப் பக்கத்தில் நீண்டிருந்த கைதான் தெரிந்தது.

ஓகஸ்டில் போட்ஸ்வானாவுக்கு டிக்கெட் எடுத்தேன். பன்னிரண்டு பவுண் கடனைக் கட்ட அறுநூறு பவுண் செலவழித்தவன் லண்டனில் நான் ஒருவன்தான். மாஸ்டர் நடந்ததையெல்லாம் காஷேக்குச் சொன்னார். நான் எடுத்துக் காட்டிய எட்டு ஐந்துபூலாத் தாள்களையும் காஷே பார்த்து மூக்கைச் சுளித்தார்.

“இவ்வளவு தூரம் பறந்து வந்து கொண்டுவந்தது இந்தச் சருகுதானோ எண்டு கேக்கிறார்.”

“ஓம், சருகுதான். மனுசன் காட்டினதும் பெரிய பாடமில்லை, மாஸ்டர். கண் தெரியாத கிழவிகூடக் காட்டியிருப்பா எண்டு சொல்லுங்கோ.”

மாஸ்டர் சொன்னார். காஷே தொடையில் அடித்துச் சிரித்தபடி கையை விரித்து நீட்டினார். அந்த உள்ளங்கையில் ஒன்று, இரண்டு என்று எட்டுத் தாளையும் எண்ணி வைத்தேன்.